இழுத்தால்தான் புகையும்

1

ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுவதால் முதலில் அந்தச் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால், என் கணவருடைய ஆட்டைத் திவசத்தன்று, அவர் போய் ஒரு வருடம் நிறைந்த நாளில், நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது. விளங்காமலே வாயில் போட்டு மெல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்வி. "கலா புருசன்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு சிகரெட் குடிச்சவளாம்" என்று இங்கே இத்தாலியில் பலெர்மோவில் கிளம்பிய கதை, நான் படையல் பாத்திரங்களைக் கழுவி முடிப்பதற்குள் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த ஊர்ப் பஸ்கள் அந்த வேகத்தில் ஓடினால் நான் ஒரு நாளும் வேலைக்குப் பிந்தமாட்டேன்.

நான் குடித்தது சிகரெட் இல்லை.

சாமான் இதுதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பெட்டி, உள்ளே பற்றரி. பெட்டியின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் வாசனை சேர்த்த திரவம். குப்பியின் அடியில், சுண்டுவிரல் நகமளவு இடத்தில், ஒரு கம்பிச் சுருள். சுருளுக்குள் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் குடித்து வைத்திருக்கும். பொத்தானை அமத்தினால் கம்பி சூடாகும். வாயை வைத்து இழுத்தால் ஆவி வரும். புகை என்று நாங்கள் சொல்வது அந்த ஆவியைத்தான்.

கடையில் ஆயத்தமாகச் செய்த சுருளை வாங்கிப் பாவித்துவிட்டு எறிபவர்கள்தான் அதிகம். என் கணவருடையது அந்த வகை இல்லை. சுருள் கருகினால் கழற்றி, புதுக் கம்பி சுற்றி, புதுப் பஞ்சு வைத்து, தானே மறுபடி மறுபடி கட்டிக்கொள்ளலாம். இத்தாலிக்காரர் அதை ரிஜெனெராபிலே என்கிறார்கள். திரும்ப உண்டாக்கக்கூடியது என்று பொருள். அந்தப் பெயரை வைத்தவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.

2

இவர் ஊரிலேயே சிகரெட் பத்துகிறவர். இங்கே வந்த பிறகு அது கூடியது. சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் ஆரஞ்சு பறிக்கிற வேலை. விடியற்குளிரில் மரத்துக்குக் கீழே நிற்கும்போது சிகரெட்தான் துணை என்பார். நானும் சொல்லிப் பார்த்தேன், சண்டை பிடித்துப் பார்த்தேன், சமைக்காமல் விட்டும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவரை நிறுத்தியவள் எங்கள் மகள் வினுஜா. அப்போது அவள் சின்னப்பள்ளிக்கூடம் முடிக்கிற வயது. வகுப்பில் கரிபிடித்த நுரையீரலின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். புத்தகப் பையைக் கழற்றவுமில்லை, நேரே தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, அவருடைய கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள்.

"சத்தியம் பண்ணுங்கோ, பாப்பா. இனிச் சிகரெட் இல்லை எண்டு."

பாப்பா என்றால் இத்தாலிய மொழியில் அப்பா, அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். இந்தத் தலையிலடித்துச் சத்தியம் பண்ணும் வித்தையை அவளுக்குப் பழக்கியது நான்தான். பென்சிலைத் தொலைத்தாலும், பாலைத் தொட்டியில் ஊற்றினாலும், "என்ரை தலையிலை அடிச்சுச் சொல்லு" என்பேன். பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொன்ன சொல்லை மீறினால் பிள்ளைக்குத்தான் கேடு வரும் என்று யாரும் அவளுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. தமிழிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது கொஞ்சம். தேவாரம் வராது. உறவுமுறை எல்லாம் குழம்பும், சித்தப்பாவும் பெரியப்பாவும் அவளுக்கு இத்தாலிய மொழிச் சீயோதான். அவள் தமிழ் கதைக்கும்போது சொல்லின் கடைசியைச் சிசிலிக்காரர் மாதிரி இழுப்பாள். ஆனால் இந்த ஒன்றை முழுசாக எடுத்துக்கொண்டாள்.

இவர் கையை எடுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. கடைசியில் "சத்தியம்" என்றார். அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று சிரித்தேன், இரண்டு நாள் தாங்காது என்று. ஆனால் மனிசன் சிகரெட்டைத் தொடவில்லை. பட்ட பாடு கொஞ்சமில்லை. நித்திரை இல்லை, கைநடுக்கம், எதற்கெடுத்தாலும் எரிச்சல். அப்போதுதான் யாரோ இந்தச் சாமானைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வினுதான் அதன் விளக்கக் காகிதத்தை வாசித்துச் சொன்னாள், வீடியோக்களைத் தேடிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் தகப்பனும் மகளும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்காருவார்கள். சின்னத் திருகாணிச் சாவியில் இவர் கம்பியைச் சுற்றுவார். அவள் பஞ்சைப் பிய்த்துச் சீவிக் கொடுப்பாள். நான் அந்தப் பக்கம் போனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவர்களுடைய கந்தோருக்குள் நான் கேளாமல் நுழைந்துவிட்டதுபோல. ஒருநாள் வெட்டிப்போட்ட கம்பித் துண்டு என் காலில் ஏறியது.

"நீர் வெறுங்காலோடை வராதையும் எண்டு சொன்னனான் எல்லே" என்றார் இவர், எனக்கு ரத்தம் வருவதைப் பாராமல் கம்பியைப் பார்த்துக்கொண்டு.

திரவத்தை வினுதான் கலப்பாள். ஒவ்வொரு முறையும் நிக்கொட்டினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டாள். வெறும் வாசனை. அதுவும் மந்தரீன் வாசனை.

"நாள் முழுக்க மந்தரீன் மரத்துக்குக் கீழை நிண்டிட்டு வந்து வீட்டிலையும் அதையே இழுக்கிறியள். அலுக்காதோ?" என்று கேட்டேன்.

"அது தோட்டக்காரன்ரை மந்தரீன். இது என்ரை" என்றார்.

எங்கள் வீட்டுத் திரைச்சீலை, கதிரை மெத்தை, என் சேலை எல்லாம் அந்த வாசனைதான். எனக்கு அது பிடிக்கவில்லை என்று ஆறு ஏழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

போன வருடம் மாசி மாதம், பின்பருவ மந்தரீன் முடியப்போகிற நேரம், இரண்டு மரங்களுக்கு நடுவில் இளைப்பாற உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நுரையீரலும் பழைய சிகரெட்டால் கெட்டிருந்தது என்று டொக்டர் வினுவிடம் சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். நுரையீரல் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. தன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்துக் காட்டி, "இது, அம்மா, இது" என்றாள். எந்தப் பிள்ளைக்கும் அந்த மொழிபெயர்ப்பு வேலை வரக்கூடாது.

ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய போன், வீட்டுத் திறப்பு, இந்தச் சாமான் மூன்றையும் போட்டுத் தந்தார்கள். நான் சாமானை எடுத்து அலுமாரி லாச்சிக்குள் தள்ளிவிட்டேன். அதைப் பார்க்க எனக்குக் கோபம்.

எட்டாம் நாள், எட்டுச் செலவு வந்தது. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, செத்தவர் விரும்பியதெல்லாம் படத்துக்கு முன்னால் வைக்கவேண்டிய நாள். சீசாப் பகுதியில் இருக்கிற எங்கள் சின்ன வீட்டில் சனம் நிறைந்திருந்தது. நண்டு, இறைச்சி, அரைப் போத்தல் சாராயம் எல்லாம் வாழையிலையில் வைத்தாயிற்று. இவருடைய அக்கா பூமணி மச்சாள் ஊரிலிருந்து போன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தா. சீலன் அண்ணை, இவரோடு ஒரே தோட்டத்தில் வேலைசெய்த ஊர்க்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். தன் வாயில் வைத்துக் கொளுத்தி, ஒருதரம் இழுத்து, சோசரின் விளிம்பில் வைத்தார்.

"ஊரிலை பெட்டி பெட்டியாய்ப் பத்தினவன். பாவம், ஆசை தீரப் பத்தட்டும்" என்றார்.

"ஓம் ஓம், வை தம்பி. அவன்ரை ஆத்துமா சாந்தியாகும்" என்றா மச்சாள், போனுக்குள்ளிருந்து.

ஊரில் எவருடைய எட்டுக்கும் செய்வதுதான். நானும் ஒன்றும் யோசிக்கவில்லை. சிகரெட்டுக்கு ஆள் தேவையில்லை. கொளுத்திவிட்டால் தானே புகைந்து தானே முடியும். அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருந்தது.

வினு அறையிலிருந்து வந்தாள். பார்த்தாள். நடந்துபோய் அந்தச் சிகரெட்டை நெருப்போடு விரலால் நசுக்கி, பல்கனிக் கதவைத் திறந்து கீழே எறிந்தாள்.

"பாப்பா நொன் ஃபூமா" என்றாள் முதலில். அப்பா புகைப்பதில்லை. பிறகு எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொன்னாள். "என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணினவர். ஒரு நாளும் மீறேல்லை. இண்டைக்கு நீங்கள் எல்லாரும் சேந்து அதை உடைச்சுப் போட்டீங்கள்."

"செத்தவனுக்கு என்ன சத்தியம், பிள்ளை?" என்றா மச்சாள்.

"நான் இன்னும் சாகேல்லை, மாமி. தலை என்ரை தலை."

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் அவள் வடக்கே தொரீனோ நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு ஹோட்டலில் வேலை, படிப்பும் பார்க்கிறாளாம். போன் எடுத்தால் "ஓம்", "இல்லை", "சாப்பிட்டனான்" என்று மூன்று சொல்லில் முடிப்பாள். வீட்டுக்கு வா என்றால் லீவு இல்லை என்பாள். மார்கழியில் அங்கே ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எனக்கு மூடநம்பிக்கை கிடையாது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொள்கிறவள்தான் நான். அந்தச் செய்தி வந்தபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது ஐஸ் இல்லை. சோசரின் விளிம்பில் புகைந்த சிகரெட்தான்.

அதனால் திவசம் நெருங்கியபோது எனக்கு ஒரே எண்ணம். எட்டில் பிழையாய்ப் போனதை ஆட்டையில் திருத்தவேண்டும். சிகரெட்டின் இடத்தில் அவர் சத்தியத்துக்குப் பிறகு பாவித்ததை வைக்கவேண்டும், அதுவும் வேலைசெய்கிற நிலையில். என் பிள்ளையின் தலையில் நாங்கள் ஏற்றிவைத்ததை இறக்கவேண்டும். அவள் திரும்ப இந்த வீட்டு வாசல்படியை மிதிக்கவேண்டும்.

4

லிபெர்த்தாத் தெருவில் நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிற வயதான அம்மாவுக்கு, சின்யோராவுக்கு, நினைவு நிற்பதில்லை. காலையில் கோப்பி கொண்டுபோனால் ஒவ்வொரு நாளும் கேட்பா, "கலா, உன் புருசன் எப்படி இருக்கிறார்?" என்று. முதல் கிழமை நான் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் புதிதாக அதிர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. ஒரே செத்தவீட்டைத் தினமும் நடத்த என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு "பெனே, சின்யோரா" என்று சொல்லத் தொடங்கினேன். சுகமாக இருக்கிறார், மந்தரீன் பறிக்கிறார். கூட்டு, துடை, கொண்டுவா, வருகிறேன் என்று வேலைக்கு வேண்டிய அளவுதான் எனக்கு இத்தாலிய மொழி வரும். அந்த மொழியில் அவர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்தப் பழக்கம் ஒருநாள் என் காலை வாரிவிட்டது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, இவருடைய மனைவி என்ற காரணத்தில் தந்தது. இவர் போனதும் வேலை என்ற காரணத்துக்கு மாற்றவேண்டியிருந்தது. கொஸ்தூராவில், வெளிநாட்டவர் காகிதங்கள் பார்க்கிற பொலிஸ் கந்தோரில், மரணச் சான்றிதழ் உட்பட எல்லாவற்றையும் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். உள்ளே இருந்த பெண் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "கணவர்?" என்று கேட்டாள்.

"பெனே" என்றேன்.

அவள் சான்றிதழைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று அழுதேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

திவசத்துக்கு ஒரு கிழமை முன் வினுவுக்குப் போன் எடுத்தேன்.

"சிகரெட் வைப்பீங்களோ?" என்று கேட்டாள் எடுத்த எடுப்பில்.

"இல்லை. அப்பான்ரை சாமானை வைக்கப்போறன்."

"அது வேலை செய்யாது. ஒரு வருசம் கிடந்திருக்கு. பஞ்செல்லாம் போயிருக்கும்."

"நான் புதுசாய்க் கட்டுவன்."

"நீங்களோ?"

"ஏன், உனக்கும் அப்பாவுக்கும்தான் கை இருக்கோ?"

"பாப்பம், அம்மா" என்று வைத்துவிட்டாள். வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை.

லாச்சியைத் திறந்து சாமானை எடுத்தேன். குப்பியில் மிஞ்சியிருந்த திரவம் தேன்போல மண்ணிறமாகியிருந்தது. பஞ்சு கறுத்துச் சுருளோடு ஒட்டியிருந்தது. நாங்கள் இருக்கும் தெருவிலேயே இந்தச் சாமான்கள் விற்கிற கடை ஒன்று உண்டு. இத்தனை வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன கடை. உள்ளே போனேன். தாடி நரைத்த ஒரு மனிதர் இருந்தார். கம்பியும் மந்தரீன் திரவமும் கேட்டேன், நிக்கொட்டின் இல்லாதது.

"மகனுக்கா, சின்யோரா?"

"கணவருக்கு."

"கம்பியில் பல தடிப்பு இருக்கிறது. அவரை ஒருதரம் வரச்சொல்லுங்கள், எது பொருந்தும் என்று நானே காட்டுகிறேன்."

"அவர் வரமாட்டார்" என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, மேலே கேட்கவில்லை. சாமானை வாங்கிப் பார்த்து, தானே ஒரு கம்பியைத் தெரிந்து தந்தார். பஞ்சும் வேண்டுமா என்று கேட்டார். பஞ்சு என்னிடம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

முதல் சுருளை நெருக்கமாகச் சுற்றி, இரண்டு கால்களையும் திருகாணியில் பூட்டி, பெட்டியில் மாட்டினேன். சின்னத் திரையில் ஷோர்ட் என்று எழுத்து வந்தது. வெட்டாமல் விட்ட கம்பி நுனி அடித்தட்டில் முட்டிக்கொண்டிருந்தது. ரீவி திருத்துகிறவன் வந்து கம்பி முட்டுது அக்கா என்று சொல்லுகிற விசயம்தான். நகவெட்டியால் வெட்டிச் சரிசெய்தேன். இரண்டாம் முறை பொத்தானை அமத்தியபோது சுருள் ஓரத்தில் மட்டும் சிவந்தது. சாவணத்தால் கொஞ்சம் நெருக்கிவிட்டேன். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிவந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய முகத்தில் நான் கண்ட அந்தத் திருப்தி என்ன என்று அப்போது விளங்கியது. விளங்கி என்ன பயன்.

பிறகு பஞ்சு. சாமித்தட்டில் விளக்குக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்தேன். பஞ்சைத் திரிக்க எனக்கு யார் சொல்லித் தரவேண்டும்? விரலில் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஊசிபோல இறுக்கமான திரி ஒன்று செய்து சுருளுக்குள் செலுத்தினேன். அழகாகப் போய் உட்கார்ந்தது. திரவத்தை விட்டேன். வாயை வைக்காமல் பொத்தானை மட்டும் அமத்திப் பார்த்தேன். துணி கருகின மணம் வந்தது. கழற்றினால் திரியின் நடு கரியாகியிருந்தது. திரும்பவும் இன்னும் இறுக்கமாகத் திரித்தேன். இன்னும் மோசமாகக் கருகியது.

படம் எடுத்து வினுவுக்கு அனுப்பினேன். உடனேயே போன் வந்தது.

"அம்மா, அந்தப் பஞ்சிலை என்ன வெள்ளையாய்? சாம்பலோ?"

"திருநீறு. திரிக்கேக்குள்ளை விரல் வழுக்காமல் பிடிக்கிறதுக்கு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறாளோ என்று நினைத்தேன். சிரிக்கிறாள். ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

"தீயோ மீயோ, அம்மா விளக்கு ஏத்துறா" என்றாள். கடவுளே என்கிறாள். பிறகு, "இறுக்கித் திரிக்கக்கூடாது, அம்மா. இறுக்கினால் திரவம் ஏறாது, காஞ்சு எரியும். திருநீறு வேண்டாம். கடையிலை அதுக்கெண்டு பஞ்சு இருக்கு, அதை வாங்கி, லூசாய் வையுங்கோ. சுருளுக்குள்ளை இழுத்தால் மெல்லமாய்ப் பிடிக்கவேணும், அவ்வளவுதான். பஞ்சு மூச்சு விடவேணும் எண்டு பாப்பா சொல்லுவார்" என்றாள்.

பிறகு அவளே, "டிக்கெட் பாக்கிறன்" என்றாள்.

6

திவசத்தன்று பின்னேரம் வந்தாள். முதுகில் ஒரு சின்னப் பை. கட்டிப்பிடிக்கவில்லை. குசினிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிள்ளைபோல இல்லை, டொக்டரிடம் நம்பர் எடுத்துக் காத்திருக்கிறவர்கள்போல இருந்தாள். முறிந்த கையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஐயர் இல்லை. வந்தது சீலன் அண்ணையும் அவருடைய மனைவியும் அயலில் இருக்கும் இரண்டு மூன்று குடும்பமும்தான். மச்சாள் வழக்கம்போல போனில், சீனிப் பேணியில் சாய்த்து வைத்திருந்தோம். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். சியாகுல்லியிலிருந்து சீலன் அண்ணை கொண்டுவந்த மந்தரீன். இலையின் வலப்பக்கத்தில் ஒரு சோசரில் அந்தச் சாமான். குப்பி நிறையத் திரவம், புதுச் சுருள், மூச்சு விடுகிற பஞ்சு. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டோம். கற்பூரம் அணைந்தது.

சாமான் சோசரில் கிடந்தது. நான் அதுவரைக்கும் யோசிக்காத விசயம் அப்போதுதான் தலையில் அடித்தது. இது சிகரெட் இல்லை. வைத்துவிட்டால் தானாகப் புகையாது.

"தங்கச்சி, இது சும்மா கிடக்குதே" என்றார் சீலன் அண்ணை. எடுத்துப் பொத்தானை அமத்திப் பார்த்தார். நூல்போல ஒன்று எழும்பி, விட்டதும் நின்றுவிட்டது. "விட்டால் நிண்டிடுது. அமத்தியபடி நிண்டால் எரிஞ்சுபோகும்போலை."

"மெஷினை வைச்சு என்ன படையல்? ஆத்துமா வந்து பாத்திட்டு வெறும் வயித்தோடை போகப்போகுது. ஒரு சிகரெட்டைக் கொளுத்தி வை, தம்பி" என்றா மச்சாள்.

சீலன் அண்ணை என்னைப் பார்த்தார். கெட்ட மனிசன் இல்லை அவர். இவர் எழும்பாமல் கிடந்தபோது தூக்கியவர் அவர்தான். "குறை நினையாதையும், தங்கச்சி. ஒண்டே ஒண்டு" என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

நான் வினுவைத் திரும்பிப் பார்த்தேன். எழும்பி நின்றாள். பை தோளில் ஏறியிருந்தது. வாய் திறக்கவில்லை, போன முறைபோல ஓடிவரவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சிகரெட் பற்றினால் இவள் படியிறங்குவாள், பிறகு நான் செத்தால்தான் ஏறுவாள் என்று எனக்குத் தெரிந்தது.

சீலன் அண்ணையின் கையிலிருந்து சாமானை வாங்கினேன். வாயில் வைத்தேன். பொத்தானை அமத்தி இழுத்தேன்.

உள்ளே பஞ்சு பொரிகிற சத்தம் பல்லில் கேட்டது. தொண்டை எரிந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது, இருமினேன். ஆனால் ஆவி வந்தது. படத்தைப் பார்த்து ஊதினேன். இவருடைய முகம் வெள்ளைக்குள் போய், மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வீடு முழுக்க மந்தரீன் வாசனை. ஒரு வருடம் சவர்க்காரமும் சாம்பிராணியும் மணத்த வீட்டில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததுபோல இருந்தது. சீலன் அண்ணையின் கை சட்டைப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"என்னடி செய்யிறாய்? புருசன்ரை திவசத்திலை, ஒரு பொம்பிளை" என்று மச்சாள் தொடங்கியது கேட்டது.

நான் இரண்டாம் தரமும் இழுத்தேன். முதல் தரம் படையலுக்கு. இரண்டாவது எனக்கு. இதையும் எழுதிவிடுகிறேன், ஊரில் கதைக்கிறவர்கள் கணக்கைச் சரியாகக் கதைக்கட்டும்.

மூன்றாம் தரம் வாய்க்குக் கொண்டுபோனபோது வினு என் கையைப் பிடித்தாள். சாமானைப் பறித்துச் சோசரில் வைத்தாள். என் கையை விடாமல் தூக்கித் தன் தலையில் வைத்தாள்.

"சத்தியம் பண்ணுங்கோ. இனி இதைத் தொடமாட்டன் எண்டு."

"இதிலை ஒண்டுமில்லை, பிள்ளை. வெறும் மணம்தான்."

"பாப்பாவும் அப்பிடித்தான் சொன்னவர்."

அவளுடைய தலை சூடாக இருந்தது. இவருடைய தலைமயிர்தான் அவளுக்கு, முரட்டுச் சுருள். எத்தனை மாதமாக நான் தொடாத தலை. கையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் சொன்னேன்.

"சத்தியம்."

7

வினு திங்கட்கிழமை போனாள். போகும்போது வாசலில் நின்று, "சித்திரைக்கு வாறன், அம்மா" என்றாள். நான் கேளாமலே சொன்னது. பை தோளில் இருக்க, கட்டிப்பிடித்தாள். அவளுக்கு நான் வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு அது போதும். ஊர் என்ன கதைத்தாலும் போதும்.

ஆனால் வாசனை இரண்டு நாள்தான் நின்றது. செவ்வாய் பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தேன், இல்லை. திரைச்சீலையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சவர்க்கார மணம்.

வினு சாமானைத் துடைத்து லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குப்பியில் முக்கால்வாசி திரவம் இருக்கிறது. சுருள் நல்ல சுருள், நானே சுற்றியது. வாயை வைக்காமல் பொத்தானை மட்டும் அமத்தினால் என்ன, நூல்போல ஒன்று வருமே என்று மனம் கேட்கிறது. தொடமாட்டேன் என்றல்லவா சொன்னது. மற்ற இடமென்றால் ஒரு சந்து பொந்து கண்டுபிடிப்பேன், பிள்ளையின் தலையில் வைத்துச் சொன்ன சொல்லில் சந்து பொந்து தேட முடியாது. அவர் ஆறு ஏழு வருடம் எப்படி இருந்திருப்பார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. லாச்சிக்குள் பஞ்சு காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்தால் கறுக்கும்.

இன்று காலை லிபெர்த்தாவில் கோப்பி கொண்டுபோனேன். சின்யோரா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வழமைபோலக் கேட்டா, "கலா, உன் புருசன் எப்படி இருக்கிறார்?"

"பெனே, சின்யோரா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "புகைக்கிறதை முழுசாக விட்டுவிட்டார்" என்றும் சொன்னேன்.

அவவுக்குச் சரியான சந்தோசம். என் கையைத் தட்டிக்கொடுத்தா.

"நல்லது, மகளே, நல்லது. பார், இனி அவர் நெடுநாள் இருப்பார்."